செத்துப்போன தொட்டி

நாற்றம் பிடிக்கிற உத்தியோகத்துக்கு நான் எந்தக் காலத்திலும் மனுப் போட்டதில்லை. வளைகுடாவில், கராமா என்கிற இடத்தில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் கேஸ்களைத் துருவுகிற வேலை, மத்தியானம் கீழே மெஸ்ஸில் சாம்பார் சாதம் என்று சொல்லித்தான் சுந்தராம்பாள் மேடம் என்னைச் சேர்த்துக்கொண்டார். அதை நம்பி வந்தவன் அல் ஸிம்ரா என்கிற மலையடிவாரத்துச் சின்ன ஊரில், ஒரு வாதியின் நடுவே, கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

வாதி என்றால் இந்தப் பக்கத்து ஆறு. மழை பெய்தால் ஓடும். மற்ற நாட்களில் கூழாங்கல்லும் அங்கங்கே குட்டையுமாகக் கிடக்கும். இப்போது என் காலடியில் தேங்கிக் கிடந்தது மழைத் தண்ணீர் இல்லை என்பதை என் மூக்கு எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டது.

“மேடம், இந்த பேன்ட்டை இனிமே துவைக்கறதா, புதைக்கறதா?”

“மூக்கை மூடாதே கண்ணு” என்றார் மேடம். “உன்ற மூக்கை விட்டா நமக்கு இன்னைக்கு வேற சாட்சி இல்ல.”

அவர் கோயம்புத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சந்தேகப்படுகிற விபத்துகளையெல்லாம் துருவித் துருவி உண்மையை எடுத்துக் கொடுப்பது தொழில். அவருக்கு மட்டும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்திருந்தார். உதவியாளனுக்கு எதுக்கு பூட்ஸ், உதவியாளன்தானே!

எங்களை இங்கே இழுத்துவிட்டவள் கனகா. கராமாவில் எங்கள் தெருக் கிளினிக்கில் நர்ஸ். மேடத்துக்கு ஊசி போட வருகிறவள், இன்று காலையில் ஊசி இல்லாமல் அழுதுகொண்டு வந்தாள். அவள் அண்ணன் வீரபாண்டி அல் ஸிம்ராவில் கழிவுநீர் டேங்கர் ஓட்டுகிறான். ஊரின் ஒரு பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்களுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை பைப் போடவில்லை. அங்கே போய் செப்டிக் டேங்கை உறிஞ்சி எடுத்து, ஊர்க்கோடியில் இருக்கும் சுத்திகரிப்பு பிளான்ட்டில் கொண்டுபோய் விடுவது அவன் டியூட்டி.

கொஞ்ச நாளாக அந்த ஊர் வாதியில் யாரோ சாக்கடையை விட்டிருக்கிறார்கள். வாதிக் கரைப் பேரீச்சந்தோட்டத்தில் வேலை பார்க்கும் சேதுமாதவன், தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தியும் பேதியுமாக விழுந்து, கிட்னி பாதிக்கப்பட்டு ஐ.சி.யூ.வில் கிடக்கிறான். வீரபாண்டியின் ரூம்மேட்தான் அவன். சாக்கடையை ஆற்றில் விடுவது யார் என்று போலீஸ் யோசித்தால் முதலில் யார் ஞாபகம் வரும்? டேங்கர் டிரைவர்தான். வீரபாண்டியின் லாரி தினமும் சாயங்காலம் வாதிக் கரையில் நிற்பதைத் தோட்டக் காவல்காரன் பார்த்திருக்கிறான். ஆளைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

“மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் ஃபைலை பிராசிக்யூஷனுக்கு அனுப்பிடுவாங்களாம் மேடம். போயிடுச்சுன்னா, தப்பே செய்யலைன்னாலும் மாசக்கணக்குல உள்ள இருக்கணும். சேது அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா எங்கண்ணன் கொலைகாரன் ஆயிடுவாரு” என்று கனகா தேம்பினாள். “மத்தவங்க பீயை அள்ளித்தான் மேடம் என்னை நர்ஸிங் படிக்க வெச்சாரு. அதை ஆத்துல கொட்டற ஆள் இல்ல அவரு.”

மேடம் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் காபியைப் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

ஸ்டேஷனில் வீரபாண்டியைச் சற்று நேரம் பார்க்க விட்டார்கள். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, சவரம் செய்யாத முகம். சபரிமலை விரதத்தில் இருக்கிற ஆள்.

“எதுக்குங்க சாமி தெனமும் லாரியை அங்க நிறுத்துனீங்க?” என்று மேடம் கேட்டார். மாலை போட்டவர்களைச் சாமி என்றுதானே கூப்பிட வேண்டும்.

“குளிக்கத்தான் மேடம்.” வீரபாண்டி தேனிப் பக்கத்துக்காரன். “பீ லாரி ஓட்டுற ஒடம்பு. ஆத்துத் தண்ணியில முங்கி எந்திரிச்சாத்தான் சாயங்காலம் பூசையில நிக்க மனசு ஒப்பும். இங்க சொன்னா சிரிக்கிறாய்ங்க. சாக்கடையில எவனாவது குளிப்பானான்னு கேக்குறாய்ங்க.”

“நாத்தம் வந்ததுக்கு அப்புறமும் குளிச்சீங்களா?”

“இன்னும் மேல ஏறிப் போயிருவேன் மேடம். மேல தண்ணி கண்ணாடி கணக்கா இருக்கும். நாத்தம் எடுக்குதுன்னு பிளான்ட்டுல போயி மொத மொத சொன்னவனே நான்தான். யாரு கேட்டா?” அவன் கண் கலங்கிவிட்டது. “சேதுவுக்கு இப்ப எப்படி இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க மேடம்.”

எங்களுக்குத் தெரியவில்லை. அவன் சொன்னதை வைத்துத்தான் இப்போது நாங்கள் அவன் லாரி நிறுத்திய இடத்திலிருந்து வாதியில் மேல்நோக்கி நடந்துகொண்டிருந்தோம்.

“என்ன தெரியுது தியாகு?”

“கறுப்பு, பச்சை, அப்புறம் இன்னும் பேர் வெக்காத ஒரு கலர்.”

“என்ன இருக்குதுன்னு கேக்கல. என்ன இல்ல?”

நான் சுற்றிப் பார்த்தேன். கல் மேல் வழவழவென்று சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. அரளிச் செடிகளின் அடியெல்லாம் கறுத்திருந்தது. “நல்ல காத்து இல்ல, மேடம்.”

“செப்டிக் டேங்கை உறிஞ்சினா என்னவெல்லாம் வரும் தெரியுமா? ஷாம்பு பாக்கெட், பான் கவர், கிழிஞ்ச பனியன், பிளேடு, பொம்பளைங்க இருக்கற இடம்னா அதுக்கும் மேல. ஒரு லோடு கொட்டினா கல்லுக்குக் கல்லு, செடிக்குச் செடி தொங்கும். இங்க ஒரே ஒரு ஷாம்பு பாக்கெட் தேடிக் கொடு பார்க்கலாம்.”

தேடினேன். குனிந்து, கவிழ்ந்து, ஒரு குச்சியை வைத்துக் கிளறிக்கூடப் பார்த்துவிட்டேன். மருந்துக்கு ஒரு பிளாஸ்டிக் இல்லை.

“அட! யாரோ வடிகட்டி ஊத்தியிருக்கான் மேடம். ஆத்துல கொட்டறவன் சல்லடை போட்டுக் கொட்டற அளவுக்கு யோக்கியனா?”

“யோக்கியனெல்லாம் இல்ல கண்ணு. சல்லடை இருக்கற இடத்துல இருந்து வருது. அவ்வளவுதான்.”

இன்னும் கொஞ்சம் மேலே நடந்தோம். ஒரு வளைவு தாண்டியதும் சட்டென்று கல் வெளுத்துவிட்டது. தண்ணீர் தெளிந்து, உள்ளே சின்ன மீன்கள் ஓடின. வீரபாண்டி சொன்ன கண்ணாடித் தண்ணீர். இரண்டடி திரும்பி வந்து அரளிப் புதரை விலக்கினால், உள்ளே ஒரு சிமென்ட் பைப்பின் வாய். இப்போது ஓடவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது. நான் கரை மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். கம்பிவேலி. அதற்குள்ளே வட்ட வட்டமாகத் தொட்டிகள்.

“மேடம், சல்லடை வீடு கிடைச்சாச்சு.”

வாசல் வழியாகப் போக வேண்டுமென்றால் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். போகிற வழியில் ரோட்டின் நடுவே நட்டிருந்த பெட்டூனியாச் செடிகள் வாடித் தொங்கின. டிசம்பர் மாதத்தில் இந்த நாட்டில் ரோட்டோரப் பூ வாடுவது பெரிய விஷயம். ஒரு லாரியிலிருந்து ஹோஸ் பிடித்து ஒருவன் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். மேடம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“பாய், பைப் கா பானி?” என்று நான் என் இந்தியை எடுத்துவிட்டேன்.

“பைப் மே பானி மாஃபி. பந்த் ஹை” என்றான் அவன். பைப்பில் தண்ணீர் வருவதில்லை, நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

“பிளான்ட்டுல சுத்தம் பண்ணின தண்ணிதான் இந்தச் செடிக்கெல்லாம் வரணும்” என்றார் மேடம். “வரல. ஊர்ல ஆளுக கக்கூஸ் போறதை நிறுத்திட்டாங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க மேடம்.”

“அப்ப உள்ள போற தண்ணி எந்த வழியா வெளிய வருது? போ, கேட்டுட்டு வரலாம்.”

பிளான்ட் மேனேஜர் அனந்தகிருஷ்ணன் சென்னைக்காரர். இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம். மேஜை மேல் மகளின் படம். இன்ஷூரன்ஸ் விசாரணை என்றதும் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் எங்களுக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். பின்னால் ஆபரேட்டர் உடையப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தான். கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் அவனுக்கும் துளசி மாலை. தரையைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கவில்லை.

“சுத்தம் பண்றது மெஷின் இல்ல மேடம்” என்று அனந்தகிருஷ்ணன் பெருமையாக விளக்கினார். “இந்தத் தொட்டிக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. நாங்க காத்து குடுக்கறோம், அது அழுக்கைத் தின்னுடறது. அவ்வளவுதான் டெக்னாலஜி. எவ்ரிதிங் பெர்ஃபெக்ட்.”

மேடம் தொட்டியின் கைப்பிடியில் சாய்ந்து குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். “எங்க பக்கம் ஓட்டல்காரங்க வெச்சிருக்கற தொட்டியை எல்லாம் கிளெய்முக்காகப் போய்ப் பார்த்திருக்கறேனுங்க. நல்ல தொட்டின்னா டீ கலர்ல இருக்கும். மழை பெஞ்ச மண்ணு வாசம் வரும். இது சாம்பல் கலர்ல இருக்குது. அழுகின முட்டை வாசம் வருது.”

“அது... கிளைமேட் சேஞ்ச் மேடம்.”

“அப்படீங்களா? சல்லடை எங்க இருக்குதுங்க?”

காட்டினார். சாக்கடை உள்ளே நுழைகிற இடத்தில் கம்பிச் சல்லடை. பக்கத்தில் அதில் சிக்கியதை அள்ளிப் போடுகிற தொட்டி. எட்டிப் பார்த்தேன். ஷாம்பு பாக்கெட், பான் கவர், பனியன், பாதிச் செருப்பு. வாதி பூராவும் நான் தேடித் தேடி அலுத்த அத்தனையும் இங்கே சொகுசாக உட்கார்ந்திருந்தது.

“உங்க சல்லடை ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்க அனந்தகிருஷ்ணன்” என்றார் மேடம். “இங்க சிக்கினது எதுவும் வாதியில இல்ல. சல்லடையைத் தாண்டினது அத்தனையும் வாதியிலதான் இருக்குது. ரோட்டுப் பூவுக்கோ தண்ணியே போகல. வாதிக்குப் போற வால்வைத் திறந்தது யாரு?”

“நோ, நோ. அது எமர்ஜென்சி லைன். அந்த வால்வு துருப்பிடிச்சு வருஷக்கணக்காச்சு. திறக்கவே வராது. அந்த டேங்கர் டிரைவர்தான்...”

மேடம் அவரை முடிக்க விடவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக உடையப்பனைப் பார்த்தார்.

“சாமி, நீங்க சொல்லுங்க. வால்வு திறக்க வருமா, வராதா?”

உடையப்பன் நிமிர்ந்தான். மாலையைக் கையில் பிடித்துக்கொண்டான். விரதத்தில் இருக்கிறவன் பொய் சொல்லக்கூடாது. போலீஸ் வந்த அன்று மேனேஜர் அவனுக்கு லீவு கொடுத்து ரூமிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார். யாரும் அவனைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதது பொய்யா இல்லையா என்று அவன் ராப்பகலாகக் குழம்பியிருக்கிறான் பாவம்.

“வரும்மா. நான்தான் தெறந்தேன்.” மேனேஜரைக் கை காட்டினான். “சார் சொன்னாரு, தெறந்தேன். வீரபாண்டிய புடிச்சதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. ஒரே நாள்ல மாலை போட்டவங்கம்மா நாங்க.”

அனந்தகிருஷ்ணன் பக்கத்துப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “தொட்டி செத்துப்போச்சு மேடம். பாக்டீரியா மொத்தமா செத்துப்போச்சு. உள்ள வர்ற சாக்கடையை எங்க நிறுத்தறது? புது பாக்டீரியா வளர்ந்துடும், அதுவரைக்கும் கொஞ்ச நாள் திறந்து விடலாம்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் வளர்ந்து வரும், மறுபடி செத்துப்போகும். மேல சொன்னா வேலை போயிடும், விசா போயிடும். அனன்யா இந்த வருஷம் பிளஸ் டூ. நடுவுல எங்க போறது?”

“உங்க பொண்ணு பரீட்சைக்கு வீரபாண்டி ஜெயிலுக்குப் போகணுமுங்களா? கிணத்துத் தண்ணியைக் குடிச்சவன் சாகணுமுங்களா?”

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. “எங்க ஊர் நொய்யல் ஆறும் இப்படித்தான் போச்சு. கொஞ்ச நாளைக்குன்னு சொல்லித்தான் எல்லாரும் திறந்து விட்டாங்க. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியல.”

“தொட்டி எப்படிச் செத்துது?” என்று நான் கேட்டேன்.

“சத்தியமா தெரியலைங்க” என்றான் உடையப்பன். “நாங்க மாலை போட்டு ஒரு வாரம் இருக்கும். காலைல வந்து பார்த்தா வாசமே மாறிக் கெடந்துச்சு. யாரோ மேலேருந்து விசத்தை விட்டிருக்காங்க.”

“ஏதாவது ஃபேக்டரியா இருக்கும்” என்று படிக்கட்டிலிருந்து முனகினார் அனந்தகிருஷ்ணன்.

மத்தியானத் தொழுகைக்கு பாங்கு சொல்கிற நேரத்தில் நாங்கள் நால்வரும் ஸ்டேஷனில் இருந்தோம். உடையப்பன் எல்லாவற்றையும் சொன்னான், மேனேஜர் தலையாட்டினார். லெப்டினன்ட் இளைஞர், நிதானமானவர். ஒரு ஜீப்பை அனுப்பிப் பைப்பையும் வால்வையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பிறகு வீரபாண்டியை வெளியே விட்டார். உடையப்பனையும் மேனேஜரையும் உள்ளே வைத்துக்கொண்டார். வாசலில் வீரபாண்டியும் உடையப்பனும் எதிரும் புதிருமாக ஒரு நிமிடம் நின்றார்கள். “சாமி சரணம்” என்று ஒருவன் சொல்ல, மற்றவன் திருப்பிச் சொன்னான்.

கிளம்பும்போது லெப்டினன்ட் மேடத்திடம் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார். தொட்டியைக் கொன்றவன் இன்னும் வெளியே இருக்கிறான், அவனையும் கண்டுபிடித்துக் கொடுங்கள், அவனுக்கும் உள்ளே இடம் இருக்கிறது என்றார்.

“தர்றேன்” என்றார் மேடம்.

வீரபாண்டியைக் கேம்ப்பில் விடப் போனோம். கனகாவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேதுமாதவனைப் பார்க்கப் போயிருப்பாள் என்றான் வீரபாண்டி. ஒரே வரிசையில் ஏழெட்டுக் கேம்ப், அவனுடையது நடுவில். வண்டியை விட்டு இறங்கியதுமே எனக்கு ஆச்சரியம். காலையிலிருந்து நான் மோந்த இடங்களிலேயே இதுதான் சுத்தமான வாசனை. லேபர் கேம்ப்பா, நட்சத்திர ஓட்டலா? வராந்தா பளபளத்தது. பாத்ரூம் வாசல் வெள்ளை வெளேரென்று இருந்தது. கண் மட்டும் லேசாக எரிந்தது.

“சாமியே... சரணம் ஐயப்பா!”

கறுப்பு வேட்டி கட்டிய நாற்பது ஐம்பது பேர், கையில் துடைப்பமும் வாளியுமாக ஓடி வந்தார்கள். அவர்களுடைய குருசாமி வீரபாண்டிதான்; அவர் விடுதலை ஆகி வருகிறார் என்று செய்தி எங்களை முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஸ்டேஷன் தீட்டு ஒட்டாமல் இருக்க, அவர் கால் வைப்பதற்குள் கேம்ப் முழுவதையும் கழுவிக்கொண்டிருந்தார்களாம். சுவரோரம் நீல நிற டிரம்கள் அடுக்கியிருந்தன. ஒரு டிரம்மைச் சாய்த்து அப்படியே தரையில் ஊற்றிக்கொண்டிருந்தான் ஒருவன்.

“நம்ம ஏற்பாடுதான் மேடம்!” வீரபாண்டியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. “கேம்ப்புல விரதம் இருக்குறதுன்னா சும்மாவா? இத்தனை பேரு பொழங்குற கக்கூஸு. மாலை போட்ட மொத நாளே சொல்லிட்டேன், காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, சொட்டுத் தீட்டு இருக்கக்கூடாதுன்னு. டேங்கர் கழுவுறதுக்கு எங்க கம்பெனில வெச்சிருக்குற குளோரின் இது. ஃபோர்மேன் சாமிக்குத்தானேன்னு எடுத்துக்கச் சொல்லிட்டாரு. இந்த வரிசைக் கேம்ப் அம்புட்டுக்கும் நான்தான் எறக்கிக் குடுக்குறேன்.”

மேடம் அசையவில்லை. “தண்ணி கலந்துதான் ஊத்தறீங்களா சாமி?”

“கலந்தா சாமிக்கு ஆகுமா? அப்படியேதான்.”

“இந்தக் கேம்ப்புக்கு செப்டிக் டேங்க் இருக்குதா?”

“இல்ல மேடம், இந்த வரிசைக்குப் பைப் லைன் இருக்கு. நேரா பிளான்ட்டுக்கு...”

அவன் வாய் அப்படியே நின்றது. பிளான்ட்டுக்கு தினமும் போய் வருகிறவன் அல்லவா! தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று உடையப்பன் அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பான். கிருமியைக் கொல்ல ஊற்றுகிற குளோரின், கிருமியை வைத்துத் தண்ணீர் சுத்தம் செய்கிற தொட்டிக்குப் போனால் என்ன ஆகும் என்று யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்ப சேது...” என்றான்.

“தொட்டி செத்துது. அதை மறைக்க அவங்க வாதியைத் திறந்தாங்க. வாதியிலேருந்து கிணத்துக்குப் போச்சு” என்றார் மேடம். மெதுவாகத்தான் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. “மேடம், இவங்க தெரிஞ்சா செஞ்சாங்க? வால்வைத் திறந்தவன் மேனேஜர். மறைச்சவன் மேனேஜர். லெப்டினன்ட்கிட்ட ஏதோ ஃபேக்டரின்னு சொல்லிட்டுப் போயிடலாம். இன்னைக்குத்தான் இந்த ஆள் வெளிய வந்தாரு. கனகாவுக்கு என்ன பதில் சொல்றது?”

“ஃபேக்டரின்னு சொன்னா எவனோ ஒரு வாட்ச்மேன் உள்ள போவான். இவங்க சாயங்காலம் மறுபடி ஊத்துவாங்க. தொட்டி மறுபடி சாகும். அடுத்தது எந்தக் கிணறு?” மேடம் என்னைப் பார்க்காமலே பேசினார். “தெரியாம செஞ்சாங்கன்னு நான் சொல்லுவேன். என்ற கையால எழுதியும் தருவேன். அதுக்கு மேல என்னால முடியாது தியாகு.”

வீரபாண்டியின் கை கழுத்துக்குப் போயிற்று. மாலையைக் கழற்றப் பார்த்தான்.

“கழட்டாதீங்க” என்றார் மேடம் சட்டென்று. “அதைப் போட்டுக்கிட்டே சொல்லுங்க. அப்பத்தான் இவங்க கேப்பாங்க.”

கூட்டத்தில் வயதான ஒருவர் கேட்டார். “சாமி, நம்ம சேதுவை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டது யாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“யாரு அந்தப் பாவி?”

வீரபாண்டி தரையைப் பார்த்தான். ஊற்றிய குளோரின் நுரைத்துக்கொண்டு வராந்தா வழியாக வடிகாலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. “நாமதான் சாமி” என்றான். “மொத ஆளு நான்.”

சொல்லிவிட்டு அவன் ஓடினான். தோளில் கிடந்த கறுப்புத் துண்டை உருட்டி வடிகால் வாயில் திணித்தான். போதவில்லை, ஓரத்தில் கசிந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினான். “துண்டைக் கொண்டாங்க, ஓடுங்க, உள்ள விடாதீங்க!” என்று கத்தினான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் குருசாமி கத்துகிறார் என்று துண்டுகளோடு ஓடினார்கள். பாத்ரூம் பாத்ரூமாக மண்டியிட்டு அடைத்தார்கள். நானும் என் சட்டையைக் கழற்றிக் கடைசி பாத்ரூமின் ஓட்டையில் திணித்தேன்.

தண்ணீர் நின்ற பிறகு வீரபாண்டி அவர்களுக்கு எல்லாவற்றையும் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. பக்கத்துக் கேம்ப்களுக்கு ஆள் அனுப்பினான். டிரம்களை யாரும் தொடக்கூடாது, இனிமேல் வெறும் தண்ணீரும் துடைப்பமும்தான் என்றான். சின்னப் பையன் போல அழுதுகொண்டிருந்த கேம்ப் சமையல்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிறகு வந்து காரின் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தான். குளோரின் பட்டு அவன் உள்ளங்கை வெந்திருந்தது.

“எங்க சாமி?” என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

“ஸ்டேஷனுக்கு. நீங்க போய்ச் சொல்றதுக்கு முந்தி நான் சொல்லணும். உடையப்பன் தனியா இருப்பான்.”

வண்டியைத் திருப்பும்போது என் போன் அடித்தது. கனகா. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் போனை வாங்கிப் பின்னால் வீரபாண்டியிடம் நீட்டினார்.

“அண்ணே! வெளிய விட்டுட்டாங்களாமே! இப்ப எங்க இருக்கீங்க?” அவள் சந்தோஷக் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

“வெளிய விட்டாங்க தாயி” என்றான் வீரபாண்டி. “இப்பத் திரும்பப் போறேன். என்னைப் பார்க்க வராத. நீ சேது பக்கத்துலயே இரு.”